கபாலோற்பத்தி விசாரம்

மறைவிடத்தில் கூடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிறரைக் கவிழ்க்க யோசனை செய்யும் சிறு கோஷ்டிக்கும், அக்கோஷ்டி செய்யும் சூழ்ச்சிக்கும் ஆங்கிலேயர் ‘கபால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகில் கமிட்டிகள் உள்ளவரை அழிவில்லாத இப்பதத்தின் ஜனன விருத்தாந்தத்தை அதன் கௌரவத்துக்கேற்ற நிதானத்துடன் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பூர்வபக்ஷம் வருமாறு: இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் கிளிஃபர்டு, ஆர்லிங்டன், பக்கிங்ஹாம், ஆஷ்லி, லாடர்டேல் என்று ஐந்து மந்திரிகள் வாய்த்தனர், அவர்களுடைய முதலெழுத்துகளாகிய சி, ஏ, பி, ஏ, எல் என்பவற்றை அடுக்கினால் இப்பதம் தானே அமைந்துவிடுகிறது, ஆகவே அது அவர்களிடமிருந்தே உற்பத்தியாயிற்று.

இது கேட்கப் பரமானந்தமாயிருப்பினும், பிள்ளை பிறந்து நடமாடிய பிறகு தகப்பனாரைத் தேடிப் பிடித்த கதையே. யூதரின் ஞானரகசிய மரபைக் குறிக்கும் ‘கப்பாலா’ என்ற எபிரேயப் பதம், லத்தீனிலும் பிரெஞ்சிலும் தங்கி இளைப்பாறி, அம்மந்திரிகள் ஒன்றுசேர்வதற்கு முன்னரே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது என்பதே நிகண்டுகாரரின் சித்தாந்தம்.

போகட்டும், பதத்தைப் பெறாவிட்டாலும் அதன் பொருளுக்கேனும் அவர்கள் பாத்திரர்களா என்று விசாரித்தால் விந்தை பெருகுகிறது. 1670ஆம் ஆண்டு டோவர் துறைமுகத்தில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியிடம் பணம் பெற்றுக்கொண்டு டச்சுக்காரர்மீது படையெடுக்கவும், தாம் கத்தோலிக்கர் என்று பகிரங்கமாகப் பிரகடனம் செய்யவும் சார்லஸ் ரகசியமாக உடன்பட்டார். இதை அறிந்த மந்திரிகள் கிளிஃபர்டும் ஆர்லிங்டனும் மட்டுமே. மற்ற மூவருக்காக, மதமாற்றப் பிரஸ்தாபத்தை நீக்கிய போலி உடன்படிக்கை ஒன்று அவ்வாண்டு இறுதியில் தயாராயிற்று. அதைப் பேசி முடிக்கும் பொறுப்பு பக்கிங்ஹாமிடமே ஒப்படைக்கப்பட, ஏற்கெனவே முடிந்துபோன காரியத்தை அவர் மெத்த சாமர்த்தியத்துடன் முடித்துவைக்க, ஐவரும் கம்பீரமாகக் கையொப்பமிட்டார்கள்.

இதனின்று பிறக்கும் நியாயம் யாது? உண்மையை அறிந்தவரை மட்டும் கொண்டு பெயரமைப்பதாயின், அறியாத மூவரையும் தள்ளி, சூழ்ச்சியின் மூலபுருஷராகிய சார்லஸின் ‘சி’யைச் சேர்த்தல் வேண்டும். அப்பொழுது எஞ்சுவது சி, சி, ஏ. அதை உச்சரிக்க எந்த நாவும் இசையாது. ஆதலின், ஒரு சூழ்ச்சிக் கோஷ்டி உலகில் நல்ல பெயர் எடுக்க வேண்டுமாயின் அதில் பாதிக்கு மேற்பட்டோர் சங்கதி தெரியாதவராயிருத்தல் இன்றியமையாதது என்பது ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டது.