மந்தைவெளி ரேட்

நான் குடியிருப்பது ராஜா அண்ணாமலைபுரம். செட்டிநாட்டு ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரில் உள்ள பேட்டை. வாடகையும் ராஜா வாடகைதான். கம்பெனி இருப்பது சான் பிரான்சிஸ்கோவில். இரவு பத்தரைக்கு மீட்டிங். திரையில் அந்தப் பக்கம் தெரிபவனுக்கும் எனக்கும் ஒரே வேலை. அவன் செய்யும் பிழையை நான் திருத்துவேன், நான் செய்வதை அவன் கண்டுகொள்ள மாட்டான். சம்பளம் மட்டும் அவனுக்கு நாலு மடங்கு.

எச்.ஆர். அம்மணியிடம் கேட்டேன். "லொகேஷன் பேஸ்டு பே" என்றார், ஜுரத்துக்குப் பெயர் சொல்லும் டாக்டர் மாதிரி. பெயர் தெரிந்துவிட்டால் பாதி குணமாம்.

2020 மே மாதமே ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க், வீட்டிலிருந்து வேலை பாருங்கள், ஆனால் ஊர் மாறினால் சம்பளமும் மாறும் என்று சொல்லிவிட்டார். கிட்லேப் கம்பெனி ஊருக்கு ஒரு எண் வைத்து அதனால் சம்பளத்தைப் பெருக்கியது. பெருக்கலாம் பெருக்கல்! ஒன்றுக்குக் குறைந்த எண்ணால் பெருக்கினால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

அப்பாவிடம் புலம்பினேன். மத்திய சர்க்காரில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்.

"இதுல என்னடா புதுசு? எங்க வாடகைப்படி எச்.ஆர்.ஏ.வுக்கு எக்ஸ், ஒய், இசட்னு மூணு வகை ஊர். இப்ப மெட்ராஸுக்கு 30 பர்சென்ட், திருச்சிக்கு 20, மன்னார்குடிக்கு 10."

"அப்ப இது நியாயம்ங்கறீங்களா?"

"பேஸிக்ல கை வெச்சானா? மன்னார்குடி கிளார்க்குக்கும் மெட்ராஸ் கிளார்க்குக்கும் பேஸிக் ஒண்ணுதான். வாடகை வித்தியாசத்தை வாடகையில காட்டினான். உன் ஆளு மூளையிலயே கழிக்கறான்."

இதை அப்படியே இங்கிலீஷில் மெயிலாக்கி அனுப்பினேன். வாடகைக் கணக்கே இல்லையாம், சந்தை நிலவரமாம். சென்னையில் இந்த வேலைக்கு மற்றவர்கள் என்ன தருகிறார்களோ அதுதானாம். ஆக, வேலை வாங்குவது அவனோடு ஒப்பிட்டு, கூலி கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிட்டு.

செலவையாவது குறைப்போம் என்று பார்த்தேன். எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில் உருப்படிக்குப் பதினைந்து ரூபாய். மந்தைவெளி ரயில் நிலையம் பக்கம் பத்து. மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தேன். அதே கரி, அதே மடிப்பு. மூன்றாவது வாரம், பெட்டியிலிருந்து சாம்பலை ஊதிக்கொண்டே இஸ்திரிக்காரர் கேட்டார்: "சார் எங்கேந்து வர்றீங்க?"

சொல்லித் தொலைத்தேன்.

"ஆர்.ஏ.புரமா? அப்ப பதினஞ்சு சார்."

"வேலை இங்கதானே நடக்குது?"

"சட்டை அங்கேந்துதானே வருது?"

கால் மணி நேரம் பேசிப் பன்னிரண்டுக்கு முடித்தோம். அப்பாவின் நாலு முழ வேட்டிக்கு மட்டும் பழைய பத்து ரூபாய்தான். பேஸிக்கில் அவரும் கை வைக்கவில்லை.