பிலா மூட்டுக்குக் கெழக்கே

மக்ளே, அந்த லேப்டாப்பை டப்புன்னு மூடாத. மூடினாப்ல போச்சா? நான் கண்ணாடி போட்டுட்டுதான் ஒன் பின்னால நிண்ணேன். எல்லாம் பாத்தாச்சு. நம்ம விளை கடலுக்குள்ள கெடக்கு. மட்டக்களப்பையும் தாண்டி இன்னும் ஒரு எரநூறு கிலோமீட்டர் கெழக்கே, வங்காள விரிகுடாவுல. எடம் மோசமில்ல. தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுக செலவு மிச்சம்.

முந்தாநாள் அதையே வடதுருவத்துக்குப் பக்கத்துல கொண்டு போட்டேல்லா? 8ன்னு இருக்க வேண்டிய எடத்துல 77, 77ன்னு இருக்க வேண்டிய எடத்துல 8. கிரீன்லாந்துக்கும் சுவால்பார்டுக்கும் நடுவுல பனிக்கடல். தென்னைக்கு ஒரு கம்பளி வாங்கிரட்டுமான்னு ஒன் பாட்டிகிட்ட கேட்டேன், அவளுக்கு வெத்தலை பொறையேறிப் போச்சு. அதைப் பாக்க இது எவ்வளவோ முன்னேத்தம். பனிக்கடல்லேருந்து இலங்கைப் பக்கம் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா அஞ்சுகிராமம் பஸ்ஸைப் பிடிச்சு அதுவே மயிலாடிக்கு வந்து எறங்கிரும்.

கோவப்படாத. நீ ராத்திரி போன்ல கூட்டாளிகிட்ட கத்தினதை வச்சுதான் நானும் சொல்லுகேன். ஒலகத்தை உருண்டையா வச்சுக் கணக்குப் போட முடியாதுன்னு ஆரஞ்சுப் பழம் மாதிரி 60 சொளையா வெட்டி, ஒவ்வொண்ணையும் தட்டையா விரிச்சு வச்சிருக்கான். சொளைக்கு 6 பாகை அகலம். யூ.டி.எம். அப்டீன்னு பேரு. 78 பாகைத் தீர்க்கரேகையில ஒரு வெட்டு விழுது. அந்த வெட்டு தமிழ்நாட்டு நடுவாலதான் போவுது. சென்னை, மதுரை, தூத்துக்குடியெல்லாம் 44ஆம் சொளை. கோயம்புத்தூரு, திருநெல்வேலி, நம்ம நாஞ்சில் நாடு 43. நாம நிக்கது 77½. சென்னையில வேலை பாத்த கை ஒனக்கு, அங்க பழகின 44ஐ இங்க வந்தும் குத்திட்ட. எண்ணு 43க்குள்ளது, மேல ஒட்டின சீட்டு 44. ஒரே ஒரு சொளை மாறினதுக்கு விளை 660 கிலோமீட்டர் நடந்து போச்சு.

சரி, அதைத் திருத்தத் தெரிஞ்சுதா? அங்கதான் எனக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்திச்சு. பேரைத் திருத்துகதுக்கு ஒரு பொத்தான், எண்ணையே மாத்திக் கணக்குப் போடுகதுக்கு வேற பொத்தான். நீ ரெண்டாவதை அமுக்கின. கடல்ல கெடந்த விளையை, கடல்ல கெடந்த அதே எடத்துலயே, ரொம்ப சுத்தமா 43ஆம் சொளைக் கணக்குக்கு மாத்திக் கொடுத்திச்சு அந்தப் பெட்டி. அது பாவம், சொன்னதைச் செஞ்சுது. நம்ம பட்டறையில ஒருத்தன் முருகன் சிலையில ‘விஷ்ணு’ன்னு சாக்பீஸால எழுதிட்டான்னு வையி. எழுதினதை அழிச்சா போரும். ஒடனே உளியை எடுத்து வேலைச் சங்குசக்கரமா கொத்த ஆரம்பிச்சா அவனை என்ன சொல்லுவோம்? அதைத்தான் ஒன்னையும் சொல்லுகேன், வாய்விட்டுச் சொல்லல்ல.

இதுக்கெல்லாம் பொறவு நீ என்ன சொன்ன? “பாட்டா, நமக்குன்னே ஒரு கஸ்டம் கோஆர்டினேட் சிஸ்டம் பண்ணப் போறேன்.” என் காதுல அது கஷ்டம்னுதான் விழுந்திச்சு. விழுந்ததும் சரியாத்தான் விழுந்திருக்கு. ஆனா நீ அதை என்னமோ ஒலகத்துல யாரும் செய்யாத காரியம் மாதிரி நெஞ்சை நிமித்திச் சொன்னியே, அதுதான் பொறுக்கல்ல. இந்த மயிலாடியில உளிச் சத்தம் கேக்கத் தொடங்கின நாள்லேருந்து அதைத்தாம்லே செய்யுகோம்.

இங்க வா, இந்தக் கல்லைப் பாரு. அண்ணைக்கு நீ டேப்பை வச்சு இதை அளந்து, முகம் எத்தனை இஞ்ச், மார்பு எத்தனை இஞ்ச்னு கேட்டேல்லா? எந்த ஆசாரியும் இஞ்சுல சிலை செய்ய மாட்டான். முதல்ல கல்லு மொத்தம் எவ்வளவு உயரம்னு பாப்போம். பெருமாளா, சிவனா, உத்தம தசதாளம். அந்த உயரத்தை 124ஆ பங்கு வைப்போம். அதுல ஒரு பங்குக்குப் பேரு அங்குலம். தேகலப்தாங்குலம்னு சாஸ்திரப் பேரு, அந்த உடம்புலேருந்தே கெடச்ச அங்குலம்னு அர்த்தம். நவதாளம்னா 108 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், 60 போரும். தொப்பைக்காரருக்கு உயரத்துல என்ன வேலை! ஆறடிப் பெருமாளுக்கு ஒரு அங்குலம் அரை இஞ்சுக்கு மேல வரும். ஓரடிப் பெருமாளுக்கு இஞ்சுல பத்துல ஒரு பங்குகூட வராது. ஆனா முகத்துக்கு இத்தனை அங்குலம்னு சொன்னா ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணுதான். இதைவிட என்ன கஸ்டம் வேணும் ஒனக்கு?

அதோட போச்சா? அளவு கெடச்சா போராது, எங்கேருந்து அளக்கதுன்னு தெரியணும்லா. அதுக்குத்தான் பிரம்மசூத்திரம். கல்லு நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு நூல். உச்சி, மூக்கு, தொப்புள், ரெண்டு குதிங்காலுக்கும் நடுவு. எதை அளந்தாலும் அந்த நூல்லேருந்து இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனைன்னுதான் அளப்போம். திரிபங்கமா நிக்க கிருஷ்ணனுக்கு உடம்பு மூணு எடத்துல ஒடியும், நூல் ஒடியாது. உடம்பு எவ்வளவு வெலகிச்சுன்னு சொல்லுகதுக்கே வெலகாத ஒண்ணு வேணும்லா. ஒன் பெட்டியில ‘சென்ட்ரல் மெரிடியன்’னு ஒரு கட்டத்துல என்ன எழுதன்னு தெரியாம தலையைச் சொறிஞ்சியே, அது இந்த நூல்தான்.

இப்பம் அந்த நூலை எங்க கட்டியிருக்கான்னு பாரு. 43ஆம் சொளைக்கு நடு நூல் 75 பாகையில. அது அரபிக்கடல் பக்கம். நாம அதுலேருந்து ரெண்டரை பாகை கெழக்கே, சொளையோட ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கோம். ஓரத்துல நிண்ணா என்ன ஆவும்? தட்டையா விரிக்கும்போது ஓரம் இழுபடும். தரையில ஒரு கிலோமீட்டர் இருந்தா படத்துல அரை மீட்டருக்கு மேல கூடக் காட்டும். பத்து ஏக்கர் நெலத்துல ஒரு சென்டுக்கு மேல சும்மா கெடைக்கும். அதுல சந்தோசப்படாத, பக்கத்து விளைக்காரனுக்கும் அதே மாதிரிதான் கெடைக்கும். ரெண்டு பேரும் காத்துல சண்டை போட வேண்டியதுதான். படத்து வடக்கும் நெசமான வடக்கும்கூட மூணுல ஒரு பாகைக்குக் கொஞ்சம் மேல சரிஞ்சு நிக்கும். ஒரு கிலோமீட்டர் நேரா வடக்க போனா ஆறு மீட்டர் தள்ளிப் போய் எறங்குவ.

அதனால நூலை நம்ம ஊருக்கே கொண்டு வந்து கட்டுகது தப்பில்ல. 77½ பாகையில நடு நூல், அளவுக் கூட்டல் குறைச்சல் ஒண்ணும் வேண்டாம், 1ன்னே வச்சுக்கோ. ஒரு ஊரு அளவு வேலைக்கு இழுபறியே தெரியாது. இதுல ஒன்னைக் குறை சொல்லல்ல. ஆனா இதை மொதல்ல செஞ்சவன் நீன்னு மட்டும் சொல்லாத.

லாம்ப்டன்னு ஒரு வெள்ளக்காரன். 1802ல சென்னை பரங்கிமலைப் பக்கத்துல சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கி, முக்கோணம் முக்கோணமா தெக்க வந்தான். அவன்கூட அரை டன் கனத்துல ஒரு தியோடலைட். 1808ல தஞ்சாவூர்ல கோபுரத்து மேல அதைத் தூக்கும்போது கயிறு அறுந்து சுவத்துல மோதிச்சு. வேற ஆளா இருந்தா அழுதிட்டே கப்பலேறியிருப்பான். இவன் கூடாரத்துக்குள்ள உக்காந்து, வாரக்கணக்குல தட்டித் தட்டி நெளிவெடுத்து சரியாக்கிட்டான். கல்லுத் தச்சனா பெறந்திருக்க வேண்டிய ஆளு. அவன் அளந்த பெரிய வில்லுக்குத் தெக்கு முனை நம்ம கன்னியாகுமரிப் பக்கத்துலதான், புன்னைன்னு ஏட்டுல எழுதி வச்சிருக்கான்.

அவனுக்குப் பொறவு எவரெஸ்டு. ஆமா, மலைக்குப் பேரு வச்சாளே அந்த ஆளுதான். நாடு பூராவுக்கும் தொடக்கப் புள்ளியா மத்தியப் பிரதேசத்துல கல்யாண்பூர்னு ஒரு ஊரை எடுத்தான். ஏன் தெரியுமா? தூக்குக்குண்டுக்காக! மலை பக்கத்துல இருந்தா அது குண்டைத் தன் பக்கம் இழுக்கும்லா. இமயமலைக்கும் எட்டாம, நடு மேட்டுநெலத்துல, குண்டு நேரா தொங்குக எடம் அவனுக்கு வேணும். கல்யாண்பூர் 77 பாகை 39 கலை, நாம 77½. கிட்டத்தட்ட ஒரே நூல்ல, அவன் மேல, நாம கீழ. அண்ணைக்கு அவன் ஒலகத்துக்குப் போட்ட அரைவிட்டம், இப்பம் ஜிபிஎஸ்காரன் வச்சிருக்கதைவிட 860 மீட்டர் கம்மி. அதனாலதான் பழைய சர்வே படத்துல உள்ள எண்ணை அப்பிடியே ஒன் போன்ல அடிச்சா, எடம் நூறு மீட்டருக்கு மேலயே வெலகிப் போவும். ரெண்டுல எதுவும் பொய்யில்ல. அவன் ஒலகம் வேற, இவன் ஒலகம் வேற.

அதுக்கும் பொறவு வந்தவன் தென்னிந்தியாவுக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டான். 80 பாகையில நடு நூல், 12 பாகையில குறுக்கு நூல். அந்த ரெண்டும் வெட்டுக எடத்துல பூஜ்யம்தானே வரணும்? வைக்கல்லியே. கெழக்குக்கு 30 லட்சம் கஜம், வடக்குக்கு 10 லட்சம் கஜம்னு சும்மா கூட்டி வச்சான். எதுக்கு? நூலுக்கு மேக்கயோ தெக்கயோ நிக்க ஊருக்கு மைனஸ் எண்ணு வந்துரக் கூடாதுன்னுதான். கடன்ல விழுந்துரக் கூடாதுன்னு கல்யாண வீட்டுக்காரன் முன்னாடியே பணத்தை ஒதுக்கி வைப்பான் பாரு, அந்த மாதிரி. யூ.டி.எம்.காரனும் அதே காரணத்துக்குத்தான் 5 லட்சம் மீட்டர் கூட்டுகான்.

நீயும் கூட்டுவ. கூட்டு. ஆனா கூட்டும்போது பாத்துக் கூட்டணும். நம்ம ஊரு யூ.டி.எம்.ல கெழக்கே ஏழே முக்கால் லட்சம் சொச்சம், வடக்கே ஒம்பது லட்சம் சொச்சம். நீயும் அதே மாதிரி ஆறு இலக்கத்துல ஒரு எண்ணு வர்ற மாதிரி வச்சேன்னா, நாளைக்கு ஒருத்தன் அதை யூ.டி.எம்.னு நெனச்சு எங்க கொண்டு போடுவான்னு ஒனக்கே தெரியும், அனுபவஸ்தன்லா. சின்ன எண்ணா வையி. பாத்த ஒடனே ‘இது வேற ஜாதி எண்ணு’ன்னு தெரியணும். கெழக்கும் வடக்கும்கூட ஒண்ணு போல இருக்கக் கூடாது. ஒண்ணு பத்தாயிரத்துல, ஒண்ணு அம்பதாயிரத்துல இருந்தா, ரெண்டையும் மாத்தி எழுதினா ஒடனே பல்லிளிச்சுரும்.

இன்னொண்ணு. நீ படம் போடுக அந்த க்யூஜிஸ்ல புதுசா ஒண்ணு செஞ்சு வச்சேன்னா, அது ‘யூசர் 100000’ன்னு ஒரு நம்பரை மாட்டித் தருதுல்லா? அதைப் பாத்து ஒலகமே ஒனக்குப் பட்டா போட்டுத் தந்த மாதிரி பூரிச்சுப் போயிராத. 32643ன்னா எந்த நாட்டுக்காரனும் நம்ம 43ஆம் சொளைன்னு தெரிஞ்சுக்குவான், ஈபிஎஸ்ஜி பட்டியல்ல கெடக்கு. ஒன் 100000 ஒன் பெட்டிக்குள்ள மட்டும் உள்ள பேரு. வீட்டுல ஒன்னை ‘குட்டி’ன்னு கூப்பிடுகோம், நாரோயில் பஸ் ஸ்டாண்டுல நிண்ணு ‘குட்டி’ன்னு கூப்பிட்டா எத்தனை பேரு திரும்புவான்? அதே மாதிரி பக்கத்துச் சீட்டுக்காரன் பெட்டியிலயும் ஒரு 100000 இருக்கும், அது வேற ஊரா இருக்கும். நம்பரை அனுப்பாத. நடு நூல் எது, கூட்டினது எவ்வளவு, எந்த ஒலகம், மீட்டரா அடியான்னு முழு வாக்கியத்தையும் எழுதி, படத்தோட சேத்து அனுப்பு. நான் கல்லு கொத்த வர்றதுக்கு முன்ன ரெண்டு வருசம் சர்வேயருக்குச் சங்கிலி பிடிச்சவன். 66 அடி, 100 கண்ணி. ஒரு தடவை புலப்படத்துல எழுதியிருக்கது கண்ணியா அடியான்னு எவனும் எழுதி வைக்காம, ஒரு முழு நாள் வெயில்ல காஞ்சோம். எழுத எத்தனை நேரம் ஆவும்? அரை நிமிசம்.

மொகத்தைத் தூக்காத. சரி, சொல்லு, ஒன் சிஸ்டத்துக்குப் பூஜ்யத்தை எங்க வைக்கப் போற?

பத்திரத்துல உள்ள எடத்துலயா? கொள்ளாம். பங்குப் பத்திரத்தை எடுத்து வாசிச்சியோ? எங்கப்பா எழுதினது. ‘பிலா மூட்டுக்குக் கெழக்கே 12 கோல், அங்கேருந்து தெக்கே 20 கோல்’னு அளவு போவுதுல்லா? அருமையான சிஸ்டம். நடு நூலும் உண்டு, அளவுகோலும் உண்டு, பக்கத்துல சாட்சிக் கையெழுத்தும் உண்டு. எங்கப்பா ஒண்ணும் கொறச்சல் வைக்கல்ல.

காலம்பறலேருந்து அந்தப் பிலாவைத் தேடி ஜிபிஎஸ்ஸும் கையுமா விளை பூரா சுத்தினியே, நானும் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வெயில்ல எதுக்கு மக்ளே அலையுக? ஒன் பெரிய அத்தை கல்யாணத்துக்கு வீட்டை எடுத்துக் கட்டினப்பம் தேக்கு வாங்க கையில காசில்ல. நீ இப்பம் சாஞ்சு இருக்கியே, அந்தக் கதவுதான்.