மறுநியமனத் தாத்தா

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-ஆக இருந்து, 59 ஆகி, 2021-ல் 60 ஆனது. நம்முடைய தாத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பொன்னாடை, சந்தன மாலை, "இனி நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சார்" எல்லாம் முடிந்து வீடு திரும்பினால், அங்கே மறுநியமன ஆணை தயார். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். அது முடிந்த திங்கட்கிழமை தாத்தா பணியேற்கிறார். சம்பளம் கிடையாது, தற்செயல் விடுப்பு கிடையாது. மேலதிகாரி இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மருமகள் அதையும் சொல்லிப் பார்ப்பாள். "நான் உசுரோட இருக்கும்போது என் பேரன் காப்பகத்துக்குப் போறதா?" என்று ஒரு கர்ஜனை வரும். மறுநாளிலிருந்து அதே வாயில் புலம்பல்: "ஒரு நிமிஷம் உட்கார விடுறானுங்களா?"

காலை எட்டேகாலுக்கு எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும் இவரைப் பார்க்கலாம். தோளில் பேத்தியின் பை, அதில் ஆடும் யூனிகார்ன் பொம்மை, கையில் கிண்ணத்தோடு பாதி இட்லி. "ஒரே வாய்டா செல்லம்." ஒரு காலத்தில் இவர் ஜீப் வந்து நின்றால் தாலுகா ஆபீஸில் டீ கிளாஸ்கள் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இப்போது வேன் ஹாரன் அடித்ததும் மிச்ச இட்லியை இவரே வாயில் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை நோய்க்காரருக்கு இது கணக்கில் வராத இட்லி.

தொண்ணூறுகளின் கடைசியில் சக்திமான் பார்க்க உட்கார்ந்த மகனைக் காதைத் திருகி எழுப்பியவரும் இவரேதான். இன்றைக்குப் பேரனின் கார்ட்டூனில் வரும் டோலக்பூரின் உள்ளூர் அரசியல் முழுக்க அத்துப்படி. மகனுக்கு மனசு ஆறவில்லை.

"ஏம்ப்பா, ஒரு மார்க் குறைஞ்சதுக்கு என்னை ஸ்கேலால அடிச்சீங்களே? இவன் சுவரெல்லாம் கிறுக்கி வச்சிருக்கான், சிரிச்சிட்டு நிக்கிறீங்க?"

"அவன் பச்சப்புள்ளடா."

"அப்போ நான்?"

"நீ எம்புள்ள."

இதற்கு மேல்முறையீடு கிடையாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெற்றோருக்குப் பதில் இவர்தான் உறுப்பினர். "நாளை மஞ்சள் உடையில் வரவும்" என்று டீச்சர் போட, மற்ற அம்மாக்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். "பொருள்: யு.கே.ஜி. 'பி' பிரிவு – மஞ்சள் நாள் – உடை – தெளிவுரை கோருதல் – தொடர்பாக. பார்வை: தங்கள் செய்தி, இன்று மாலை 6.42 மணி. பார்வையில் காணும் செய்தியில் சாக்ஸின் நிறம் குறிப்பிடப்படவில்லை என்பது தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது." டீச்சரிடமிருந்து ஒரே வரி: "எந்த சாக்ஸும் ஓகே அங்கிள்." உடனே சமையலறைப் பக்கம் திரும்பி அறிவிப்பார்: "கோப்பை முடிச்சிட்டேன்!"

சமையலறையில் இருப்பது பாட்டி. பாலைக் காய்ச்சுவது, காய்ச்சலுக்குக் கண்விழிப்பது, தீபாவளிக்கு வாங்கின சோபாவில் கொட்டிய சாம்பாரைத் துடைப்பது எல்லாம் அவர்தான். அதற்குப் பெயர் வீட்டு வேலை. தாத்தா வேன் வரைக்கும் போய்வந்தால் மட்டும் அது தியாகம். இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

மே மாதம் பிள்ளைகள் அம்மாச்சி ஊருக்குப் போகும்போது, "அப்பாடா, பத்து நாள் பேப்பர் படிக்கலாம்" என்பார். முதல் நாள் சாயங்காலமே வீடியோ கால். "அந்தத் தாத்தா பைக்ல கூட்டிட்டுப் போனாராமே, ஹெல்மெட் போட்டு விட்டாரா? கிணத்துப் பக்கம் விடுறாரா?" கேள்வியெல்லாம் பாதுகாப்பு பற்றித்தான். உள்ளே எரிவது பொறாமை. பேரன் வேறு, "அந்தத் தாத்தா ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரே" என்று எண்ணெய் ஊற்றுவான். பிள்ளைகள் திரும்பி வரும் அன்று நம் வீட்டு ஃப்ரீசரில் மூன்று இருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் புலம்பலை நம்பி டே-கேர் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். முழங்கால் தைலம் மட்டும் தீராமல் வாங்கி வையுங்கள். அதைத் தேய்த்துவிடும் வேலையையாவது பாட்டி தலையில் கட்டாதீர்கள்.