பாதி உதடு லீவில் இருக்கிறது

என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் என்றைக்குமே மரியாதை கிடையாது. கீழ்த்தாடையில் பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பிறகு என் உதடும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டால் சில மணி நேரத்தில் அது தெளிந்துவிட வேண்டும். எனக்கோ மறுநாள் விடிந்தும் வலது பக்கக் கீழுதடும் மோவாயும் எழுந்திருக்கவில்லை.

"வாய் நேராத்தானே இருக்கு, என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்றாள் மனைவி. மருத்துவப்படி அவள் கேட்டது நியாயம். உதட்டை அசைப்பது ஏழாவது மூளை நரம்பு; கீழுதட்டில் உணர்வு தருவது ஐந்தாவது. மக்கர் செய்தது ஐந்தாவதின் கிளை. ஆகவே சிரிக்கலாம், விசிலடிக்கலாம், சண்டையும் போடலாம். வாய் கோணியிருந்தாலாவது ரேஷன் கடை வரிசையிலிருந்து விடுதலை கிடைத்திருக்கும்.

டாக்டர் உடனே வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தார். தாடை எலும்புக்குள் ஒரு குழாய்ப்பாதை. அதில் ஓடும் நரம்பு, சிறு கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு துவாரத்தின் வழியே வெளிவந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் பிரிகிறது. அந்தப் பாதைக்கு மேலே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு இம்ப்ளான்டின் டைட்டானியத் திருகை நிறுத்துவார்களாம். எனக்கும் விட்டிருந்தது, வீக்கம்தான் நரம்பை நெருக்கியிருந்தது. திருகே இடித்திருந்தால் ஓரிரு நாளில் கழற்றிவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் நரம்பு மீளும் வாய்ப்பு குறையும் என்றார். பிறகு என்னைக் கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சால் வருடினார், ஊசி முனையால் தொட்டார், உணர்வில்லாத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். மோவாயில் எல்லைக்கோட்டோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய அவமானம். ரசம் வழிவது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். "ஏங்க, வலது பக்கம்" என்று மனைவி சொல்லச் சொல்ல, நான் இடது பக்கத்தைத் துடைப்பேன். தண்ணீரை அண்ணாந்து குடித்துத் தப்பித்தேன். காபி அப்படியா? சூடு தெரியாமல் உதட்டைச் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று எனக்கு ஆறிய காபிதான் வந்தது. உதடு மரப்பதற்கு முன்பும் அதுதான் வந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கு டாக்டர் சீட்டு வேறு கிடைத்துவிட்டது.

நரம்புக் காயத்தை மூன்று தரமாகப் பிரித்து 1943-லேயே செடன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதியிருக்கிறார். வெறும் நெருக்கல் என்றால் சில நாளிலோ வாரங்களிலோ சரியாகும். உள்ளே இழை அறுந்திருந்தால் அது புதிதாக வளர வேண்டும். வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நரம்பே துண்டாகிவிட்டால் தானாகச் சேருமென்று காத்திருக்க முடியாது. எனக்கு முதல் தரம். வாழ்க்கையில் நான் முதல் தரம் வாங்கியது இதில்தான்.

ஒருநாள் மோவாயில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டேன், எறும்பே இல்லை. உணர்வு திரும்பும்போது இப்படிச் சுருசுருவென்று குறுகுறுப்பது பெரும்பாலும் நல்ல சகுனம், எரிச்சலோ கடும் வலியோ வந்தால் மட்டும் சொல்லுங்கள் என்றார் டாக்டர். புருஷனுக்கு மோவாய் அரிக்கிறது என்று கேசரி கிண்டிய வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கீழ்த்தாடை எலும்பு டைட்டானியத்தை மூன்று நான்கு மாதத்தில் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிடுமாம். என் மாமனார் வீடு என்னை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இம்ப்ளான்ட் வைக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்புக்கும் திருகுக்கும் எவ்வளவு இடைவெளி என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊசி தெளிய வேண்டிய நேரம் தாண்டியும் உதடு மரத்திருந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். மின்விசிறி ரிப்பேருக்கு அது சரி, நரம்புக்குச் சரிப்படாது.