தவறிய பந்தியல்: வாரியர்ஸ் அணியின் ரீபவுண்ட் நிலையின்மை குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

கூடைப்பந்தாட்டத்தில் வளையத்துக்குள் விழுந்த பந்தைப் பற்றி எழுதியோர் பலர். விழாத பந்தை முறையாக ஆராய்ந்தோர் சிலர். அச்சிலரும் பெரும்பாலும் தோற்ற அணியின் பயிற்சியாளர்களாக இருப்பதாலும், ஆட்டம் முடிந்த கையோடு செய்தியாளர் முன்னிலையில் ஆய்வை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் இருப்பதாலும், அவர்தம் முடிவுகள் ‘இன்று ரீபவுண்டில் கோட்டைவிட்டோம்’ என்ற ஒற்றைச் சூத்திரத்தைத் தாண்டுவதில்லை. அச்சூத்திரத்துக்கு உரை இல்லாத குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏவில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி. பிலடெல்பியாவில் பிறந்து, 1962இல் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, 1971இல் இன்றைய பெயரை ஏற்ற இவ்வணியின் வரலாற்றில் ரீபவுண்டின் வெள்ளமும் வறட்சியும் ஒருங்கே காணக் கிடைப்பதால், ஆய்வாளர் வேறெங்கும் அலைய வேண்டிய தேவை எழவில்லை.

1. வரைவிலக்கணமும் வகைப்பாடும்

தரையிலிருந்து 10 அடி உயரத்தில் பொருத்தப்பட்ட வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் 9½ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பந்துகள் அருகருகே நுழைய ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடமே பற்றாமல் போகிறது. இவ்வளவு தாராளமான வாயில் இருந்தும், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் போக்கில் எறிபவற்றில் பாதிக்கு மேற்பட்டவை உள்ளே போவதில்லை. அவ்வாறு வளையத்திலோ பின்பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுதல் ரீபவுண்ட் எனப்படும்.

அது இருவகைப்படும். எறிந்த அணியே தன் பந்தை மீண்டும் எடுப்பது தாக்குதல் ரீபவுண்ட்; எதிரணி எடுப்பது தற்காப்பு ரீபவுண்ட். வளையத்துக்கு அருகில் தற்காப்போரே முன்கூட்டி நிற்பதால், தவறிய பந்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கே போய்ச் சேரும். எஞ்சிய ஒரு பங்குக்காக நடப்பதே இத்துறையின் பெரும்போர். அதில் வென்று தாக்குதல் ரீபவுண்ட் எடுத்த அணிக்கு அடுத்த எறிதலுக்கு, வழக்கமான 24 நொடிக்குப் பதில் 14 நொடி தரும் விதி என்பிஏவில் 2018-19 பருவம் முதல் நடைமுறையில் உள்ளது.

தமிழ்ப் புறத்திணை மரபில் பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி, கவரப்பட்ட நிரையை மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சி என்ற ஒரே திணைக்குள் அடக்க, பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாகப் பிரித்தது. என்பிஏவும் இவ்வழியிலேயே நடந்தது: 1950-51 முதல் எல்லா ரீபவுண்டுகளையும் ஒரே பட்டியில் அடைத்து எண்ணி வந்த சங்கம், 1973-74இல்தான் தாக்குதலையும் தற்காப்பையும் வேறு வேறாகப் பதியத் தொடங்கிற்று. ரீபவுண்டில் எது வெட்சி, எது கரந்தை என்பது எளிதில் தீராத வழக்கு. பந்தின் உடைமையை நோக்கினால் தன் பந்தைத் தானே மீட்கும் தாக்குதல் ரீபவுண்டு கரந்தையாகும். நிகழும் இடத்தை நோக்கினால் பகைப்புலம் புகுந்து கவர்வதால் அதுவே வெட்சியாகும். இரு கட்சிக்கும் இடமளித்து இக்கட்டுரை மேற்செல்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தவறிய பந்து எவர் கையிலும் சிக்காமல் எல்லைக்கோட்டைக் கடந்தால், அது தனி மனிதர் எவர் பெயரிலும் சேராமல் ‘அணி ரீபவுண்ட்’ எனப் பொதுக் கணக்கில் வரவு வைக்கப்படும். உரிமை கோருவார் இல்லாததால் அதைப் பற்றிச் சச்சரவும் இல்லை.

2. வரலாறு

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தபோது, மாடத்தின் கைப்பிடியில் பீச் பழக் கூடைகள் தொங்கவிடப்பட்டன. பின்பலகை இல்லை, உள்ளே விழுந்த பந்து உள்ளேயே தங்கியதால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது. வெற்றி பெற்ற எறிதலை மீட்பதே பெரும்பாடாக இருந்த அக்காலத்தில், தவறிய எறிதலைப் பற்றிக் கவலைப்படும் நாகரிகம் இன்னும் தோன்றவில்லை. மாடத்தில் நின்ற பார்வையாளர் கை நீட்டிப் பந்தைத் தடுக்கலாயினர். அதற்கு மாற்றாகவே பின்பலகை வந்தது. பலகை வந்தபின் பந்து திரும்பிற்று. பந்து திரும்பியபின் இக்கட்டுரை தவிர்க்க முடியாததாயிற்று.

இத்துறையின் பொற்காலம் 1960கள். 1960 நவம்பர் 24 அன்று, அப்போது பிலடெல்பியாவில் இருந்த வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின், பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் எடுத்தார். இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை அது. அந்த ஆட்டத்தில் வாரியர்ஸ் 129-132 எனத் தோற்றது என்பதைச் சாதனைப் பட்டியல்கள் அடக்கமாகவே தெரிவிக்கும். பின்னர் அதே அணியின் நேட் தர்மண்ட், 1965இல் ஆட்டத்தின் கால்பங்கான 12 நிமிடப் பகுதி ஒன்றிலேயே 18 ரீபவுண்ட் எடுத்தார்.

இப்பழம்பெருமையைக் காட்டி இன்றைய ஆட்டக்காரரை இடித்துரைப்போர், அக்காலத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 100 முறைக்கு மேல் எறிந்ததையும், அவற்றில் 100க்கு 41, 42 அளவே உள்ளே விழுந்ததையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அணிகள் சராசரியாக 70க்கு மேல் ரீபவுண்ட் எடுத்தன என்றால், எடுப்பதற்கு அத்தனை பந்துகள் தவறின என்பதே பொருள். இன்று ஓர் அணி எடுப்பது பெரும்பாலும் 40 முதல் 45 வரை. முன்னோர் உயரத் தாவினர் என்பது உண்மை. முன்னோர் நிரம்பத் தவறவிட்டனர் என்பதும் உண்மை.

3. பிறர் மதமும் மறுப்பும்

ஓர் அணி ஒருநாள் பந்தையெல்லாம் அள்ளி, மறுநாள் ஏமாந்து நிற்பதற்குக் காரணம் கூறுவோர் முத்திறத்தர்.

முதலாவது உயரவாதம். நெட்டையர் இருந்தால் பந்து கிட்டும் என்பது இவர் கொள்கை. 6 அடி 7 அங்குல டென்னிஸ் ராட்மன் 1991-92 முதல் 1997-98 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம் பெற்றதும், பதிவேட்டில் 6 அடி 6 அங்குலமாகவும் நேரில் அதனினும் குறைவாகவும் இருந்த சார்லஸ் பார்க்லி 1986-87இல் அதே முதலிடம் பெற்றதும் இவ்வாதத்தைக் குட்டையாக்கும் சான்றுகள். மேலும், உயரமே காரணமாயின் நிலையின்மை தோன்றவே கூடாது. ஆட்டக்காரர் எவரும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் குறுகுவதில்லை.

இரண்டாவது வேட்கைவாதம். ‘அவர்களுக்கு வெறி இருந்தது, இவர்களுக்கு இல்லை’ என்று தொலைக்காட்சி வருணனையாளர் அருளும் விளக்கம் இதன்பாற்படும். பந்தை எடுத்தவருக்கு வேட்கை இருந்தது. வேட்கை இருந்ததற்குச் சான்று அவர் பந்தை எடுத்தது. தன் வாலைத் தானே விழுங்கும் இந்த அளவை முறையை எந்தத் தருக்க நூலும் ஏற்காது.

மூன்றாவது விதிவாதம். பந்து துள்ளும் திசை தலையெழுத்து என்பது இது. ஓரளவு உண்மை எனினும், தலையெழுத்து எல்லா இரவுகளிலும் ராட்மனின் கையெழுத்தை ஒத்திருந்தது ஏன் என்பதற்கு இவரிடம் விடையில்லை.

4. சான்று

2022ஆம் ஆண்டு மேற்குப் பிரிவு அரையிறுதியில் வாரியர்ஸ், மெம்பிஸ் கிரிஸ்லிஸ் அணியை எதிர்கொண்டது. மே 11 அன்று மெம்பிஸில் நடந்த ஐந்தாம் ஆட்டத்தில் 95-134 எனத் தோற்றது. எதிரணி ஒரு கட்டத்தில் 55 புள்ளி முந்தியிருந்த அவ்விரவில், ரீபவுண்டும் மெம்பிஸ் பக்கமே சாய்ந்தது. ஒருநாள் இடைவெளிக்குப் பின், மே 13 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஆறாம் ஆட்டத்தில் அதே வாரியர்ஸ் 110-96 என வென்றது. ரீபவுண்ட் கணக்கு 70-44.

வேட்கைவாதியின் கூற்றுப்படி, மெம்பிஸில் இல்லாத வெறி இடைப்பட்ட விமானப் பயணத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அதற்குச் சான்றில்லை. சான்றுள்ள மாற்றம் ஒன்றே: மாற்று வரிசையில் இருந்த கெவான் லூனி ஆறாம் ஆட்டத்தில் தொடக்க ஐவருள் ஒருவரானார். 6 அடி 9 அங்குல உயரமும், பார்ப்போர் வியக்குமளவு தாவாத கால்களும் கொண்ட அவர், அன்று தனி ஒருவராக 22 ரீபவுண்ட் எடுத்தார்; அவற்றில் 11 தாக்குதல் ரீபவுண்ட்.

அவர் செய்தது யாது? பந்து எறியப்பட்டதும் அண்ணாந்து பார்ப்பது பார்வையாளர் தொழில். லூனி வகையினர் அக்கணத்தில் பந்தைவிட்டு எதிராளியைத் தேடுவர். முழங்கால் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, தம் முதுகை அவர் மார்பில் பொருத்தி, முழங்கைகளை விரித்து, அவரை வளையத்திலிருந்து அரை அடி பின்னுக்கு நகர்த்துவர். அதன்பின்பே பந்தைப் பார்ப்பர். ‘பாக்ஸ் அவுட்’ எனப்படும் இச்செயலில் தாவலுக்கு வேலை குறைவு. பின்புறத்துக்கே வேலை மிகுதி. மூலையிலிருந்து எறிந்து தவறிய பந்து பெரும்பாலும் எதிர்மூலைப் பக்கம் விழும் என்ற பயிற்சியாளர் பாடத்தை நினைவில் வைத்து அங்கே முன்கூட்டி நிற்பது இதன் மேற்படிப்பு.

ஆயினும் முழுப் பெருமையும் லூனிக்கே உரியதன்று. 70உம் 44உம் சேர்ந்தால் 114. இன்றைய ஆட்டமொன்றில் இத்தனை ரீபவுண்ட் நிகழ வேண்டுமாயின், இரு அணிகளும் பழங்கால அளவில் தவறவிட்டிருக்க வேண்டும், தவறவிட்டன. எனவே 70 என்ற எண்ணின் ஆக்கத்தில் மெம்பிஸ் ஆட்டக்காரரின் கைத்தடுமாற்றத்துக்கும், வாரியர்ஸாரின் சொந்தக் கைத்தடுமாற்றத்துக்கும் பங்குண்டு.

5. கோட்பாடு

இதிலிருந்து பெறப்படும் கோட்பாடாவது: ரீபவுண்ட் என்பது பிறர் தவற்றின் எச்சம். எதிரணி நன்றாக எறிந்தால் தற்காப்பு ரீபவுண்ட் குறையும். தன் அணி நன்றாக எறிந்தால் தாக்குதல் ரீபவுண்ட் குறையும். எதிரணி 50 பந்துகளைத் தவறவிட, அவற்றில் 37 எடுத்த அணியின் பங்கு நூற்றுக்கு 74. மறுநாள் 38 தவறவிட, 30 எடுத்தால் பங்கு 79. எண்ணிக்கை ஏழு குறைந்தது, திறமை கூடியது. முதல்நாள் மாலை சூட்டி மறுநாள் வசைபாடும் ரசிகர், எண்ணிக்கையைப் பார்த்தாரேயன்றி விகிதத்தைப் பார்த்தாரல்லர்.

வாரியர்ஸுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 2015 இறுதித் தொடரில் கிளீவ்லாந்துக்கு எதிராக 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் 7 அடி ஆண்ட்ரூ போகட்டை வெளியே அமர்த்தி, 6 அடி 6 அங்குல ஆண்ட்ரே இக்வடாலாவைத் தொடக்க ஐவருள் சேர்த்தார். எதிரணியின் 7 அடி 1 அங்குல மோஸ்கோவ் அன்று 28 புள்ளி எடுத்தார். அவர் அணியோ 82-103 எனத் தோற்றது. வாரியர்ஸ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று கோப்பையைப் பெற, இக்வடாலா தொடர் நாயகரானார். ஓட்டத்துக்கும் தூர எறிதலுக்குமாக உயரத்தை விட்டுக்கொடுத்தல் இவ்வணியின் கொள்கை. ரீபவுண்ட் ஒருநாள் கிட்டி ஒருநாள் கிட்டாமை அக்கொள்கைக்குக் கட்டும் வரி.

6. தடையும் விடையும்

‘அங்ஙனமாயின் ரீபவுண்டே வேண்டாமோ’ எனின், அற்றன்று. டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வெற்றிக்குரிய கூறுகளை நான்காகப் பகுத்து, எறிதலுக்கு 40, பந்தைப் பறிகொடாமைக்கு 25, ரீபவுண்டுக்கு 20, தண்ட எறிதலுக்கு 15 என நூற்றுக்கு மதிப்பிட்டார். ஐந்தில் ஒரு பங்கு சிறிதன்று, ஐந்தும் அதுவேயன்று.

‘லூனியை நாள்தோறும் ஆடவிட்டால் நோய் தீருமன்றோ’ எனின், அதுவும் சோதிக்கப்பட்டது. 2023இல் சாக்ரமெண்டோ தொடரில் அவர் மூன்று ஆட்டங்களில் 20, 22, 21 என எடுத்தார். வாரியர்ஸ் மூன்றையும் வென்றது. அடுத்த தொடரின் முதல் ஆட்டத்தில், லேக்கர்ஸுக்கு எதிராக 23 எடுத்தார். எதிரே ஆண்டனி டேவிஸும் 23 எடுத்து, கூடவே 30 புள்ளியும் சேர்த்தார். வாரியர்ஸ் 112-117 எனத் தோற்றது.

‘குட்டையருக்கு இதில் இடமில்லையோ’ எனின், உண்டு. தூர எறிதல் மிகுந்த இக்காலத்தில் தவறிய பந்தும் தூரத்தில் விழுவதால், வளையத்தடியில் நிற்கும் நெட்டையர் தலைக்கு மேலே அது பறந்து போகும். 2022 இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் பக்கவாட்டு ஆட்டக்காரரான ஆண்ட்ரூ விகின்ஸ் 16 ரீபவுண்டும், 6 அடி 2 அங்குல ஸ்டீஃபன் கர்ரி 43 புள்ளியோடு 10 ரீபவுண்டும் எடுக்க, வாரியர்ஸ் பாஸ்டனை அதன் சொந்த அரங்கில் வென்றது.

7. முடிபு

மேற்கூறியவற்றால், ரீபவுண்ட் நிலையின்மை நோயன்று, கணக்கின் இயல்பு என்பதும், அதைக் குறைக்கும் மருந்து பாக்ஸ் அவுட் ஒன்றே என்பதும், முற்றிலும் ஒழிக்கும் மருந்து எதுவும் இல்லை என்பதும் நிறுவப்பட்டன. அடுத்த ஆட்டத்தில் வாரியர்ஸ் எத்தனை ரீபவுண்ட் எடுக்கும் என்று அறிய விரும்புவோர், எதிரணி எத்தனை பந்துகளைத் தவறவிடும் என்பதை முதலில் அறிந்துகொண்டு வருவாராக. எஞ்சியது வகுத்தல் கணக்கு.