திரும்பி வந்துவிடுவீர்களா, ஆச்சி?

கண்டரமாணிக்கத்திலிருந்து லண்டனுக்குப் போகிற வழி, காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு குறுகலான மாடிப்படியில் ஆரம்பிக்கிறது. மேலே ட்ராவல்ஸ் ஆபீஸ். சுவரில் ஈபிள் கோபுரம், அதற்குக் கீழே பிள்ளையார்பட்டிப் பிள்ளையார், அவருக்கு ஒரு ஊதுபத்தி. ஏஜென்ட் தம்பி முதலில், "என்னென்ன ஊர் பார்க்கணும்?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தால் நீங்கள் இன்னும் விவரம் புரியாதவர். "அக்கவுன்ட்ல எவ்வளவு நிக்கிது?" என்பதுதான் கேள்வி.

அறுபதாம் கல்யாணம் முடித்த ஒரு செட்டியாரும் ஆச்சியும் அங்கே போய் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனை செய்யச் சிரமம் வேண்டாம். எந்தக் கிழமை போனாலும் அந்தச் சோபாவில் இப்படி ஒரு ஜோடி இருக்கும். காசி, ராமேசுவரம் எல்லாம் ஆயிற்று. முதல் தடவையாக வெள்ளைக்காரன் ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. செட்டியார் ஒரு நோட்டில் கணக்குப்பிள்ளை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். லண்டனில் நாலு நாள். ரயிலில் எடின்பரோ. கப்பலேறி பெல்ஃபாஸ்ட். அங்கிருந்து ரெண்டு மணி நேர ரயிலில் டப்ளின். விமானத்தில் பாரிஸ், அப்புறம் பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று ஒரு சுற்று வந்து வீடு சேர்கிற மாதிரி, படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஏஜென்ட் அந்த நோட்டை ரெண்டு விரலால் நகர்த்தி வைக்கிறார். "அண்ணே, இது நீங்க பார்க்கிறதுக்கு. ஆபீசர் பார்க்கிறதுக்கு வேற போடணும்."

அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது விஷயமெல்லாம். நம் ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போடுகிற பயணத் திட்டம் ஊர் பார்ப்பதற்காகப் போடுவதில்லை. முகம் தெரியாத ஓர் அதிகாரியின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகப் போடும் மனு அது. எங்கே தூங்குவோம், யார் காசில் சாப்பிடுவோம், என்றைக்குக் கிளம்பித் தொலைவோம் என்று தேதிவாரியாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த வட்டத்துக்கு மூன்று பூட்டு. பிரிட்டனுக்கு ஒரு விசா. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாமுக்கு ஷெங்கன் விசா. 29 நாடுகள் கூட்டாகப் போட்ட பூட்டு. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனிச் சாவி. 2015-லிருந்து இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பிரிட்டிஷ் விசாவில் குறிப்பிட்ட நான்கு எழுத்து அச்சாகியிருந்தால் அதை வைத்தே டப்ளினுக்கும் போகலாம். ஆனால் முதலில் காலை வைப்பது பிரிட்டன் மண்ணில்தான் இருக்க வேண்டும். டப்ளினுக்கு மலிவாக டிக்கெட் கிடைக்கிறதே என்று நேரே போய் இறங்கினால் சலுகை செல்லாது. பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்குச் சாலையில் போனால் எல்லையில் வேலி கிடையாது, சாவடி கிடையாது. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். பிரெக்சிட்டின்போது அந்த எல்லையில் ஒரு முள்கம்பிகூட வந்துவிடக் கூடாது என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு ஆச்சியின் பாஸ்போர்ட்டைக் கண்டதும் முள்கம்பியை நினைவுபடுத்திக்கொள்கிறது.

ஷெங்கனுக்கு எந்த நாட்டிடம் மனுப் போடுவது? அதிக இரவு எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆகவே ஆச்சிக்கு ஆம்ஸ்டர்டாம் துலிப் தோட்டத்தில் ஆசையா, பாரிஸில் ஆசையா என்பது பேச்சே இல்லை. எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ, அந்த நாட்டில் ஆச்சிக்கு ஆசை வந்துவிடும். அப்புறம் பாஸ்போர்ட் ஒன்றுதானே இருக்கிறது? பிரிட்டிஷ்காரன் அதை மூன்று வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த பிறகு ஷெங்கனுக்குக் கொடுத்து, அங்கே சாதாரணமாக 15 நாள் வரை காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, தனிக் காசு கட்டினால். கைரேகை வைக்கச் சென்னை. விடியுமுன் காரைக்குடியில் பல்லவன் ஏறி, மத்தியானம் எழும்பூரில் இறங்கி, கண்ணாடிப் பெட்டி மேல் பத்து விரலையும் வைத்துவிட்டு வர வேண்டும். ரெண்டு விசாவுக்கும் தனித்தனியாக.

பிரிட்டிஷ் படிவத்தை ஏஜென்ட் வாசிக்கிறார், ஆச்சி பதில் சொல்கிறார்.

"உங்க ஆத்தா பிறந்த தேதி?"

"தேதி யாருக்குப்பா தெரியும்? எங்க ஐயா ரங்கூன்லருந்து நடந்தே வந்த வருசம்."

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்து வந்தார்கள். தமிழ் வீடுகளில் அது தேதியைவிடத் துல்லியமான கணக்கு. கம்ப்யூட்டருக்கு அது போதாது. நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் காலியாக நிற்கிறது. ஏஜென்ட் ஜூலை ஒன்று என்று தட்டிவிட்டு மேலே போகிறார். அடுத்த பக்கத்தில், பயங்கரவாதத்தில் ஈடுபட்டதுண்டா, போர்க்குற்றம், இனப்படுகொலை செய்ததுண்டா என்று கேள்வி. ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இதெல்லாம் நான் செஞ்சேனான்னு அவன் கேக்குறானா?" என்கிறார். ஆமாம் ஆச்சி, அவன்தான் கேட்கிறான்.

கேட்கிறவனின் பூர்வீகம் கண்டரமாணிக்கத்துக்கு நன்றாகவே தெரியும். பக்கத்துத் திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது கர்னல் அக்னியூவின் படை. அதோடு விடவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபத்துச் சொச்சம் பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கர்னல் அக்னியூ இந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வருகையின் நோக்கம்: காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போடுதல். தங்குமிடம்: சிறுவயல், எரிந்தது போக மிச்சம். செலவை ஏற்பவர்: இந்த ஊர்க்காரர்கள். திரும்பும் தேதி: பேரன்மார் பார்த்துக்கொள்வார்கள், 1947 வாக்கில்.

சரி, பழங்கதை வேண்டாம் என்பார்கள் நாகரிகமானவர்கள். பணக் கணக்குக்கு வருவோம். செட்டிநாட்டில் அதைப் பழங்கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீழ்ப் பர்மாவின் காடு நெல் வயலானபோது விவசாயிக்கு நேரே கடன் கொடுக்கப் பிரிட்டிஷ் வங்கிகளுக்குத் தைரியம் இல்லை. அவை செட்டியார்களின் வட்டிக்கடைகளான நகரத்தார் கிட்டங்கிகளுக்குக் கொடுத்தன. கிட்டங்கிகள் சொந்தப் பணத்தையும் சேர்த்துப் போட்டு விவசாயிக்குக் கொடுத்தன. விளைந்த அரிசியில் பர்மா உலகத்தின் பெரிய ஏற்றுமதி நாடானது. லாபத்தில் துரைமார் கொழுத்தார்கள். பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலம் செட்டியார் கைக்கு வந்தது. 1938-ல் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம். பர்மியர் கோபமும் செட்டியார் மேல்தான் விழுந்தது. கணக்கில் இரக்கம் காட்டாதவர்கள் நம் முன்னோர், அதை மறைப்பானேன். ஆனால் அன்றைக்கு அவர்கள் எழுதிய ஐந்தொகையைப் பிரிட்டிஷ் வங்கி மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். இன்றைக்கு அவர்கள் பேரன், கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வாங்கி நீட்டினால் நம்ப முடியவில்லையாம்.

சொத்து காட்டலாமே என்றால், கண்டரமாணிக்கத்து வளவு வீடு ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீள்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. எதற்கும் விசா கேட்காமல் உள்ளே விட்ட வீடு. பத்திரத்தில் பார்த்தால் பங்காளிகள் பெயர் பக்கம் பக்கமாகப் போகிறது. செட்டியாருக்கு முகப்பில் ரெண்டு தூணும் ஓர் அறையும் தேறும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அதற்கும் ஏஜென்ட்டிடம் மருந்து இருக்கிறது. நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு அஞ்சு லட்சம் வாங்கி மூணு மாசம் அக்கவுன்ட்டில் போட்டு வைக்கலாம். உலகத்துக்கே வட்டிக்குக் கொடுத்த ஊரில், பணக்காரன் மாதிரி தெரிவதற்கு வட்டிக்கு வாங்குகிறோம்! திடீரென்று மொத்தமாக வந்து விழுந்த பணம் என்று அதையும் கண்டுபிடித்து நிராகரிப்பார்கள். வட்டி மட்டும் நிற்காது. தங்காத ஹோட்டலுக்கு புக்கிங், ஏறாத விமானத்துக்கு டம்மி டிக்கெட், எல்லாவற்றுக்கும் ரேட் கார்டு உண்டு. நேர்மையானவர்களா என்று சோதிக்கும் ஒரு முறை, முதல் படியிலேயே பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது. நாமும் வெட்கமில்லாமல் கற்றுக்கொண்டு, "எங்க ஏஜென்ட் கில்லாடி" என்று கல்யாண வீட்டில் பெருமை பேசுகிறோம்.

2025 ஏப்ரலில் பிரிட்டனின் ஆறு மாத விசாவுக்கு 127 பவுண்டு என்று ஆக்கினார்கள். ஏறக்குறைய 15,000 ரூபாய், தலைக்கு. அதே மாதம் அமெரிக்கனுக்கும் ஐரோப்பியனுக்கும் செல்போனில் தட்டி வாங்கும் அனுமதிக்கு 16 பவுண்டு. ஷெங்கன் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தனி. மறுத்தால் கட்டணம் திரும்ப வராது. 2024-ல் ஷெங்கனுக்கு மனுப் போட்ட இந்தியர்கள் சுமார் 11 லட்சம் பேர், ஏறக்குறைய 1.65 லட்சம் பேருக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். இல்லையென்று சொன்னதற்குக் கூலி மட்டும் நூறு கோடி ரூபாய்க்கு மேல். கோயில் உண்டியலில் போட்டால்கூடச் சாமி முகத்தையாவது காட்டும். இவர்கள் காட்டுவது அச்சடித்த ஒரு தாள். காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் ஒரு டிக். 'குறித்த காலத்துக்குள் திரும்பிச் செல்வார் என்பதில் சந்தேகம் இருக்கிறது.' பிரிட்டனில் சுற்றுலாக்காரருக்கு மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டலாம், அந்த உரிமையில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

போனவர்களில் தங்கிவிடுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அதற்காக முழங்கால் தைலம் இல்லாமல் மாடியேற முடியாத ஆச்சி லண்டனில் தலைமறைவாகி ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறார் என்று நினைப்பதற்குத் தனி மூளை வேண்டும். அந்த மூளை வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை. காலம் கடந்து தங்குகிறவர்களில் இந்தியர்கள்தான் அதிகம் என்று 2022 அக்டோபரில் பேட்டி கொடுத்தவர் அப்போதைய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன். அப்பா கென்யாவிலிருந்து வந்த கோவா வம்சாவளி. அம்மா மொரீஷியஸ் தமிழ்க் குடும்பம். படகு கரை சேர்ந்ததும் ஏணியை இழுத்துக்கொள்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

1986 வரை இந்தியர் சுற்றிப் பார்க்கப் போக பிரிட்டன் விசா கேட்டதில்லை. அதற்கும் முன்னால், கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்கு சமாரியா என்ற கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் நடுக்கடலில்தான் வந்தது. கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் திரட்டி 1940-ல் அதை வெளியிட்டார். இன்றைக்கென்றால் அவர் கதி? வயது 25, நிலையான வேலை இல்லை, திரும்பும் தேதி இல்லை, நோக்கம் போகிற வழியில் மாறியிருக்கிறது. அந்த அச்சடித்த தாளில் நாலு டிக் விழுந்திருக்கும்.

நம் சர்க்காருக்கு ரோசம் வருமா? 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமாக இருந்த வரி 75-ஆகி, பத்து வருஷத்தில் 40-ஆகும் என்று ஒப்புக்கொண்டோம். அக்டோபரில் பெரிய தொழிலதிபர் கூட்டத்தோடு மும்பை வந்த பிரதமர் ஸ்டார்மர், விசாவெல்லாம் பேச்சிலேயே இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எடின்பரோவிலிருந்து பாட்டில் இங்கே வருவதற்கு ராஜபாட்டை. எடின்பரோவுக்கு ஆச்சி போவதற்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட். விஸ்வகுரு என்று மார்தட்டுகிறவர்கள் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் ஆச்சிக்காக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் வெந்துவிடுமா? அவர்களுக்கென்ன, அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அட்டையே வேறு நிறம்.

இந்தப் பக்கம் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பிரெஞ்சுக்காரர்கள் கேமராவோடு திரிகிறார்கள். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தபடியே இ-விசா வாங்கி வந்தவர்கள். சம்பளச் சீட்டு, பேங்க் சீல் எதையும் நாம் கேட்பதில்லை; கேட்கவும் வேண்டாம், விருந்தாளிகள். பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக் கம்பிக் கதவுக்குள் எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டு எல்லாரும் எங்கே போனார்கள் என்று வியக்கிறார்கள். ஊரை விட்டுப் போன பரம்பரை என்று அவர்கள் வழிகாட்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர்கள் தூதரக அதிகாரியும் அதே புத்தகத்தைத்தான் படித்திருப்பான் போலிருக்கிறது.

நம் செட்டியாரின் பிரிட்டிஷ் மனுவுக்குத் தபாலில் பதில் வந்தது. செட்டியார் உறையைப் பிரித்து, படித்து, மறுபடி மடித்து உள்ளே வைத்து, அப்படியே செக்காலைக்கு எடுத்துப் போனார். ஏஜென்ட் அலட்டிக்கொள்ளவில்லை.

"முதல் தடவை இப்படித்தாண்ணே. இந்தத் தடவை பேரன் பள்ளிக்கூடத்துல சேர்ற தேதியப் போட்டு, ஆச்சி இல்லாட்டி புள்ளை சாப்பிடாதுன்னு ஒரு லெட்டர் வச்சிருவோம். ஆச்சி திரும்பி வந்தே தீரணும்னு அவனுக்குத் தோணணும்."

"நான் இன்னும் கிளம்பவே இல்லையேப்பா" என்றார் ஆச்சி.

"அது தெரியும் ஆச்சி. 127 பவுண்டை மட்டும் இன்னைக்கே கட்டிட்டா, வர்ற வியாழக்கிழமை தேதி இருக்கு."