அண்ணாந்து பாத்தது போதும், பேராண்டி

வா பேராண்டி, உக்காரு. கோலாலம்பூருக்குப் போயி மெர்டேக்கா 118ஐப் பாத்துட்டு வந்தியாமே. கழுத்து வலி தேவலையா? உங்கம்மா தைலம் தேச்சு விட்டதா சொன்னா. வலிக்காம என்ன செய்யும்? 678.9 மீட்டராம். அந்தக் கடைசிப் புள்ளி ஒம்பது இருக்கு பாரு, அதத்தான் நான் ரொம்ப ரசிச்சேன். எங்க காலத்துல தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல கணக்கு எழுதுற கிராணி இந்த அளவுக்குச் சுத்தமா கணக்குப் பாத்திருந்தா, நம்ம வீட்டுக்கு ஓடு மாத்தியிருப்பேன்.

துபாய்ல இருக்கிற புர்ஜ் கலீபாவுக்கு அடுத்து உலகத்துலயே உசரம் இதுதான். சந்தோசம். ஆனா ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காத. உச்சியில ஒரு ஊசி நிக்குதே, அதுல யாரு குடியிருக்கா? ஆபீஸ் இருக்கா? கடை இருக்கா? ஒரு கக்கூஸாவது இருக்கா? ஒன்னும் கெடையாது. அது மட்டும் 150 மீட்டருக்கு மேல. ஷாங்காய் கோபுரம் 632 மீட்டர். ஊசியக் கழட்டிக் கீழ வச்சுட்டு ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சா யாருடா நெட்டை? கேட்டா, உலகமே அப்படித்தான் அளக்குதுங்கிறான். உலகம் அளக்கட்டும். ஆளு ஏறி நிக்க முடியாத எடத்தையெல்லாம் உசரத்துல சேத்துக்க எனக்கு மனசு வரல.

பேராவது ஒரே பேரா நின்னுச்சா? மொதல்ல வாரிசான் மெர்டேக்கான்னாங்க. அப்புறம் கேஎல் 118. அப்புறம் பிஎன்பி 118. இப்ப மெர்டேக்கா 118. புள்ளைக்கு இத்தனை தடவை பேரு மாத்தினா சோசியக்காரனத் திட்டுவோம். இங்க யாரைத் திட்டறதுன்னு தெரியல.

சரி, உள்ள என்ன இருக்கு? மாடி மாடியா ஆபீஸ், அடியில பேரங்காடி, மேல பெரிய ஓட்டல், அதுக்கும் மேல நின்னு வேடிக்கை பாக்க ஒரு தளம். 2021 நவம்பர்ல ஊசி ஏறுச்சு. 2024 ஜனவரியில மாமன்னரே வந்து தொடக்கி வச்சாரு. கோபுரத்தோட வடிவம் இருக்கே, அது மொதப் பிரதமரு துங்கு அப்துல் ரஹ்மான் 1957ல சுதந்திரம் வந்தப்ப கையத் தூக்கி ‘மெர்டேக்கா’ன்னு சொன்னாரே, அந்தக் கையைப் பாத்துப் பண்ணதாம். நல்ல யோசனைதான். ஆனா துங்கு கையத் தூக்குனது எதிர்த்தாப்புல உக்காந்திருந்த சனங்களப் பாத்து. இந்தக் கை மேகத்தப் பாத்துல்ல நிக்குது?

அவரு கையத் தூக்குன எடம் பக்கத்துலயே இருக்கு, பாத்தியா நீ? பாத்திருக்க மாட்ட. எல்லாரும் அண்ணாந்துகிட்டு நிக்கிறப்ப குனிஞ்சு பாக்கறவன் யாரு? அதுதான் மெர்டேக்கா அரங்கம். ஸ்டான்லி ஜுக்ஸ்னு பொதுப்பணித் துறை எஞ்சினியர் வரைஞ்சது. சுதந்திரத்துக்கு நாள் குறிச்சாச்சு, அதுக்குள்ள முடிக்கணும். முடிச்சாரு. ஆகஸ்டு 31ஆம் தேதி துங்கு ஏழு தடவை முழங்கினாரு. அப்பவும் நம்மாளுங்களுக்கு உசரப் பித்து இருந்துச்சு, தெரியுமா? அந்த அரங்கத்தோட விளக்குத் தூணுதான் அந்த மாதிரி காங்கிரீட் தூணுங்கள்லயே உசரம்னு பெருமையாச் சொல்லிக்குவாங்க. ஆனா அந்தத் தூணு உச்சியில விளக்கு இருந்துச்சுடா. ராத்திரி ஆட்டத்துக்கு வெளிச்சம் அடிச்சுச்சு.

பக்கத்துல இன்னொன்னு, நெகாரா அரங்கம், 1962ல தொறந்தது. கூரை போட்ட உள்ளரங்கம். ரெண்டும் இப்ப கோபுரத்தோட சேந்து ஒரே வளாகம்.

ஆட்டம்னு சொன்னேன்ல? 1975ல முகமது அலி வந்து ஜோ பக்னரோட மெர்டேக்கா அரங்கத்துலதான் குத்துச்சண்டை போட்டாரு. அதக்கூட விடு. 1980ல தென்கொரியாவோட பந்து ஆட்டம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போறதா இல்லியான்னு அன்னிக்குத்தான் முடிவு. தோட்டத்து லயத்துல எல்லாப் பயலும் ரேடியோப் பொட்டிய சுத்தி உக்காந்தோம். கோல்ல நம்ம ஆறுமுகம். கை நீளத்தப் பாத்து சிலந்தி மனுசன்னே பேரு வச்சிருந்தாங்க. முன்னால சோ சின் ஆன், சாந்தோக் சிங். ஒரு தமிழன், ஒரு சீனன், ஒரு பஞ்சாபி. இன்னிக்கு ‘ஒற்றுமை’ன்னு பலகை எழுதி மாட்டுறாங்களே, அன்னிக்கு பலகையே இல்லாம நடந்துச்சு. 2-1னு செயிச்சோம். மறுநா வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல, வேலை வாங்குற தண்டல் கூட சிரிச்சான்னா பாத்துக்கயேன். அப்புறம் அரசியல்னு சொல்லி மாஸ்கோவுக்குப் போகல. அது வேற வயித்தெரிச்சல்.

இந்த அரங்கத்தையே ஒரு தடவை இடிச்சுட்டு ஆபீஸும் கேளிக்கைக் கூடமும் கட்டப் பாத்தாங்க. 1998ல பெரிய ஆட்டமெல்லாம் புக்கிட் ஜாலில் புது அரங்கத்துக்குப் போயிருச்சு, இனிமே இது எதுக்குன்னு ஒரு கணக்கு. அப்ப என்ன நடந்துச்சு? ஆசியா பூரா பணம் கவுந்துச்சு. கையில காசில்ல, திட்டம் படுத்துருச்சு. பாரம்பரியத்தக் காப்பாத்துனது யாருன்னு யாராச்சும் மேடையில கேட்டா, தைரியமாச் சொல்லு: தரித்திரம். பொறவு புத்தி வந்து, 1957ல இருந்த மாதிரியே திருப்பி எடுத்துக் கட்டினாங்க. 2008ல யுனெஸ்கோ விருது கூடக் குடுத்துச்சு. அத நான் கொறை சொல்ல மாட்டேன். நல்லாச் செஞ்சாங்க.

ஆனா இப்ப அத கோபுரத்துக்குப் பக்கத்துல பாக்குறப்ப எனக்கு என்ன தோணுது தெரியுமா? கல்யாண மண்டபத்து வாசல்ல வயசான பெரியவர ஒரு நாக்காலி போட்டு உக்கார வச்சிருப்பாங்க. வர்றவன் போறவன் எல்லாம் கால்ல விழுந்து ஒரு படம் எடுத்துக்குவான். பந்தி மூனு தடவை ஓடியிருக்கும். ‘தாத்தா, சாப்டியா?’ன்னு ஒருத்தன் கேட்டிருக்க மாட்டான்.

கோலாலம்பூர்ல இன்னொரு கூத்து சொல்றேன். புடு ஜெயில் தெரியுமா? 1895ல கட்டி முடிச்சது. 1996ல ஆளுங்கள வேற எடத்துக்கு மாத்துனாங்க, 2010ல சுவத்த இடிச்சாங்க. இப்ப அங்க பெரிய பேரங்காடி, அடுக்குமாடி, ஆபீஸ். ஜெயிலோட வாசல மட்டும் விட்டு வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா பாரம்பரியமாம். ஒரு காலத்துல அந்த வாசல் வழியா உள்ள போறதுக்கு எவனாச்சும் ஆசப்பட்டானா? இப்ப புள்ளகுட்டியோட பக்கத்துல நின்னு பல்லக் காட்டிப் படம் எடுக்குறான். முன்னாடி உள்ள போனா வெளிய வர நாளாகும். இப்பவும் அப்படித்தான், உங்க அத்தை துணிக்கடைக்குள்ள போனா.

சிரிக்காத. நம்ம ஈப்போ மட்டும் என்ன ஒழுங்கு? பழைய டவுன் பக்கம் போ. காரை பேந்த சுவரு, செங்கல் தெரியுது, மேல ஒரு மஞ்ச பல்பு. உள்ள ஒரு கொப்பி என்ன வெலைங்கிற? நம்ம லயத்துலயும் காரை பேந்துதான் கெடந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சுக் குடுங்கன்னு வருசா வருசம் கேட்டோம். அந்தச் சுவத்துக்குக் காசு வாங்கலாம்னு அப்பவே எவனாச்சும் சொல்லியிருந்தா, நான் கேட்டே இருக்க மாட்டேனே!

ஆனா ஈப்போவுல ரெண்டு எடத்தப் பாத்தா மனசு குளுந்துரும். ஒன்னு ரயில்வே ஸ்டேசன். ஹப்பக்குன்னு ஒரு வெள்ளைக்காரன் வரைஞ்சு, 1917ல கட்டி முடிச்சது. ஈப்போ தாஜ்மகால்னு பீத்திக்குவோம். பீத்தல விடு. இன்னிக்கும் அதுல ரயில் வருது, போவுது. மூட்ட முடிச்சோட சனம் ஏறுது, எறங்குது. ரெண்டாவது, புந்தோங்கு கச்சாங் பூத்தே. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்க கடலையும் முறுக்கும் வறுத்து வித்து, ஊருக்கே அந்தப் பேர வாங்கிக் குடுத்தாங்க. இன்னிக்கும் எண்ணெ காயுது, கடலை பொரியுது. இத எந்த நிபுணன் வந்து காப்பாத்துனான்? தின்னுறவன்தான் காப்பாத்துனான்.

இப்ப உனக்கு நம்ம பக்கத்துக் கதை ஒன்னு சொல்றேன். லிப்டுக்கு ஆசப்பட்ட மொத ஆளு கோலாலம்பூர்க்காரன்னு நெனச்சியா? இல்ல. இங்க பத்து காஜா பக்கத்துல வில்லியம் கெல்லி ஸ்மித்துன்னு ஒரு ஸ்காட்லாந்துக்கார தொரை. ரப்பர்ல காசு பாத்தவரு. 1915 வாக்குல ஒரு மாளிகை கட்ட ஆரம்பிச்சாரு. செங்கல்லும் ஆளும் மெட்ராஸ் பக்கமிருந்து. ஆறு மாடிக் கோபுரம், நடுவுல லிப்டுக்குக் குழி. மலாயாவுலயே மொத லிப்டா இருந்திருக்கும்னு சொல்லுவாங்க. ரப்பர் தோட்டத்து நடுவுல ஆறு மாடி! மேல ஏறி என்ன பாக்கப் போறாரு? மரம். அதுக்கு அந்தப் பக்கம்? அதுவும் மரம்.

கட்டிக்கிட்டு இருக்கிறப்பவே விசக்காய்ச்சல் வந்துச்சு. உலகம் பூரா கொன்னுச்சே, அதே காய்ச்சல்தான். கட்ட வந்த நம்மாளுங்க வரிசையாச் செத்தாங்க. மிஞ்சினவங்க தொரைகிட்டப் போயி என்ன கேட்டாங்க? கூலி ஒசத்துன்னா? லிப்டு வேணும்னா? ‘மாரியாத்தாளுக்கு ஒரு கோயிலு கட்டிக் குடுங்க’ன்னு கேட்டாங்க. மனுசன் கட்டிக் குடுத்தாரு. நன்றி மறக்காத நம்ம சனம், சாமி சிலைங்களோட சிலையா அவரையும் தொப்பியோட மேல நிக்க வச்சிருச்சு.

1926ல தொரை லிஸ்பன்ல செத்துப் போனாரு. லிப்டு வாங்கப் போன பயணம்னு ஊருல சொல்லுவாங்க. வாங்கினாரோ இல்லியோ, குழி இன்னிக்கும் குழியாத்தான் கெடக்கு. சம்சாரம் எல்லாத்தையும் ஹாரிசன்ஸ் கிராஸ்பீல்டு கம்பெனிக்கு வித்துட்டு ஊரு போயிச் சேந்தாங்க. மாளிகைக்கு இப்ப டிக்கெட்டு, பேய்க்கதை, கார் நிறுத்த எடம். நெசமா ஒரு நாள் கூட ஒழுங்கா யாரும் குடியிருக்காத வீட்டுக்குப் பேரு வரலாற்றுச் சின்னம். கொஞ்ச தூரம் தள்ளி கோயிலு. அங்க டிக்கெட்டு இல்ல. வெளக்கு எரியுது.

ஹாரிசன்ஸ்னு சொன்னேன்ல, அத மறந்துராத. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில லண்டன் பங்குச் சந்தையில நம்ம அரசாங்கத்து முதலீட்டுக் கம்பெனி பிஎன்பி எறங்குச்சு. மத்தியானச் சோத்துக்கு முன்ன, வெள்ளைக்காரன் கையில இருந்த கத்ரி தோட்டக் கம்பெனி நம்ம நாட்டுக் கைக்கு வந்துருச்சு. நானும்தான் கைதட்டுனேன். அடுத்த வருசம் ஹாரிசன்ஸ் தோட்டங்களும் வந்துச்சு. 2007ல எல்லாத்தையும் சைம் டார்பியோட ஒன்னாக் கட்டினாங்க, இப்ப தோட்டத்துக்கெல்லாம் பேரு எஸ்டி கத்ரி. சரி, 118 மாடியக் கட்டினது யாரு? அதே பிஎன்பி. அப்ப விடியக்கருக்கல்ல எங்கம்மா நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு கோடு கிழிச்ச பாலுல ஒரு மங்காச்சும் அந்தக் கோபுரத்துக்குள்ள போயிருக்காதா? நான் மாடி கேக்கல. ஒரு படிக்கட்டு. அதுல உக்காந்து வெத்தல போட்டுக்குவேன். எச்சி துப்ப வெளிய போயிடுறேன், பயப்படாதே.

தொரை மாறினாரே ஒழிய பெரட்டு மாறல. அப்புறம் ரப்பரு போயி செம்பனை வந்துச்சு. செம்பனை போன எடத்துல வீடமைப்பு வந்துச்சு. லயம் போச்சு, ஆயாக்கொட்டாய் போச்சு, பால்கொட்டாய் போச்சு. புடு ஜெயிலு வாசலுக்குக் கெடச்ச மரியாதை எங்க லயத்து வாசப்படிக்குக் கெடைக்கல. என்ன செய்ய? திருடியிருந்தா கெடச்சிருக்குமோ என்னவோ.

ஆனா நம்மாளுங்க சும்மா இருந்துறல. சுங்கை சிப்புட்டுக்காரரு சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு, மாசம் பத்து வெள்ளி கட்டுங்கன்னாரு. துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்த தோட்டங்கள, பால்மரம் வெட்டுறவன் காசுலயே வாங்கிக் காட்டினாரு. அப்புறம் பள்ளிக்கூடத்தப் பாரு. தோட்டம் மூடினதும் தமிழ்ப் பள்ளி பலதும் டவுனுக்கு எடம் மாறிருச்சு. கட்டடம் புதுசு, தகரமும் இல்ல பலகையும் இல்ல. பேரு மட்டும் இன்னும் தோட்டத்துப் பேரு. உள்ள ஒன்னாம் வகுப்புப் புள்ள அ, ஆ எழுதுது. எந்தக் கட்டடக்கலைஞன் வந்து எந்தச் சுவத்த விட்டு வச்சான்?

அதனால நீ படிச்சு முடிச்சு எஞ்சினியர் ஆயி, பழசையும் புதுசையும் சேத்துக் கோபுரம் வரைய உக்காந்தேன்னு வையி. கண்ணாடி என்ன நெறம், ஊசி எம்புட்டு நீளம்னு கடைசியா யோசி. மொதல்ல அந்தப் பழைய கட்டடத்துல முன்னாடி என்ன வேலை நடந்துச்சு, நாளைக்கும் அது நடக்குமான்னு கேளு. ஆட்டம் நடந்த எடம்னா ஆட்டம். வறுத்த எடம்னா வறுவல். நடக்காதுன்னா, பேசாம அந்த எடத்துக்கு ஒரு நல்ல கக்கூஸாவது கட்டு. வர்ற சனத்துக்கு ஒதவும்.

மறுபடி கோலாலம்பூர் போனா மெர்டேக்கா அரங்கத்துக் காவக்காரர்கிட்ட மெதுவாக் கேளு, ‘அண்ணே, அரங்கத்துல அடுத்த பந்து ஆட்டம் எப்போ?’ன்னு. தேதி சொன்னாருன்னா ஒடனே எனக்குப் போன் போடு, ஈப்போவுல ரயில் ஏறிடுறேன். தேதி சொல்லாம கடைக்கு வழி காட்டினாருன்னா, போயி ஒரு கொப்பி குடிச்சுட்டு வந்துரு. வெலை மட்டும் எங்கிட்டச் சொல்லிராத. டாக்டரு ரெத்தக் கொதிப்பு ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு.